ரஷ்யாவின் அமைச்சர், போலந்தின் முடிசூடா மன்னர்: சார்தொரிஸ்கி எந்தப் பக்கம்?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். ரஷ்யப் பேரரசின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஒரு போலிஷ் இளவரசர், பிறகு அதே ரஷ்யாவுக்கு எதிரான கிளர்ச்சி அரசுக்குத் தலைவராகி, கடைசி முப்பது வருடத்தைப் பாரிஸில் கழித்தார் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். "இவர் காற்றடிக்கும் பக்கம் சாய்ந்தவரா? மாளிகையில் வாழ்ந்தவரை எப்படி அகதி என்று சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் ஆள் ஆதாம் யெஜி சார்தொரிஸ்கி. நான் கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் ஐரோப்பிய வரலாறு சொல்லிக்கொடுத்தவன், வியன்னா மாநாட்டுப் பாடத்தில் இவர் பெயர் வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு மாணவர் எழுந்து இதே கேள்வியைக் கேட்பார். போலிஷ் மொழி எனக்கு வாசிக்க வராது, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கிடைப்பதை வைத்துத்தான் பேசுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அவருடைய வாழ்க்கையைக் கடைசியிலிருந்து பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன். 1831-இல் நாட்டைவிட்டு வெளியேறியதிலிருந்துதான் அவருடைய அகதி வாழ்க்கை தொடங்கியது என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது 1795-இலேயே, அவருக்கு இருபத்தைந்து வயதில், பாரிஸில் இல்லை, செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் தொடங்கிவிட்டது. அங்கே அவர் போனது வேலை தேடி இல்லை. பணயக் கைதியாக அனுப்பப்பட்டார்.

கொஞ்சம் பின்னால் போகலாம். அவர் 1770 ஜனவரி 14 அன்று வார்சாவில் பிறந்தார். போலந்தில் சார்தொரிஸ்கி குடும்பத்துக்கு இருந்த செல்வாக்கு ராஜ குடும்பத்துக்குச் சமமானது, ஆட்களே 'குடும்பம்' என்று மொட்டையாகச் சொன்னால் இவர்களைத்தான் குறிக்கும். தாய் இசபெலா, புவாவி என்ற ஊரில் இருந்த தங்கள் அரண்மனையைக் கவிஞர்களும் ஓவியர்களும் வந்து தங்கும் இடமாக வைத்திருந்தவர். ஆதாமின் உண்மையான தந்தை அப்போது வார்சாவில் இருந்த ரஷ்யத் தூதர் ரெப்னின்தான் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு இருந்தது. இன்றும் பல புத்தகங்கள் இதை நிச்சயமான தகவல் மாதிரி எழுதுகின்றன. அது வதந்திதான். நிரூபிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை, அவர் செய்ததையும் செய்யாததையும் விளக்க அது தேவையும் இல்லை. அவருக்கு இரண்டு வயதாகும்போது, 1772-இல், ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தை முதல் தடவையாகப் பங்கு போட்டன. 1793-இல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் மட்டும் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டன. 1795-இல் மூன்று நாடுகளும் சேர்ந்து மீதியை எடுத்துக்கொள்ள, ஐரோப்பா வரைபடத்தில் போலந்து என்ற பெயரே இல்லாமல் போனது. 1792 போரில் ரஷ்யாவுக்கு எதிராக இவரே களத்தில் நின்றிருக்கிறார்.

1794-இல் கொஷ்சூஷ்கோ என்ற போலிஷ் தளபதியின் தலைமையில் ரஷ்யாவுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்து, தோற்றது. சார்தொரிஸ்கி குடும்பம் அதை ஆதரித்ததால் ரஷ்யப் படை புவாவியைச் சூறையாடியது, பேரரசி கேத்தரின் அவர்களுடைய நிலங்களைப் பறிமுதல் செய்தார். நிலம் திரும்ப வேண்டுமானால் மகன்கள் இருவரும் பீட்டர்ஸ்பர்குக்கு வந்து தன் அரசவையில் சேவை செய்ய வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. ஆதாமும் தம்பி கான்ஸ்டன்டினும் 1795-இல் கிளம்பினார்கள். ரஷ்யர்களை வெறுத்து வளர்ந்த பையன், அந்த ரஷ்யர்களின் சீருடையைப் போட்டுக்கொண்டு அந்தப் பேரரசிக்கு முன்னால் தலை வணங்கி நிற்க வேண்டியிருந்தது. அவர் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகள் 1887-இல் பாரிஸில் வெளிவந்தன. பீட்டர்ஸ்பர்கில் கழித்த முதல் சில மாதங்களைப் பற்றி அதில் அவர் எழுதியிருப்பதைப் படித்தால், 'கட்சி மாறியவர்' என்ற சொல் வாயில் வருவது கஷ்டம்.

அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. 1796 வசந்தத்தில் ஒருநாள் கேத்தரினின் பேரன் அலெக்சாண்டர், அப்போது பதினெட்டு வயது, தாவ்ரிசெஸ்கி அரண்மனைத் தோட்டத்தில் உலாவலாம் வா என்று இவரைக் கூப்பிட்டார். மூன்று மணி நேரம் போல நடந்துகொண்டே பேசியிருக்கிறார்கள். பாட்டியின் கொள்கைகளைத் தான் ஏற்கவில்லை, போலந்துக்கு இழைக்கப்பட்டது அநியாயம், தனக்குச் சுதந்திரத்தின் மேல் பற்று உண்டு என்றெல்லாம் அந்தப் பையன் இவரிடம் மனம் திறந்தான். அந்தப் பையன்தான் நாளைக்குப் பேரரசன். அந்த ஒரு உரையாடலில் பிறந்த நம்பிக்கையை அடுத்த இருபது வருடத்துக்கு சார்தொரிஸ்கி விடவில்லை. ஏமாந்தார் என்று சொல்வது இன்றைக்கு நமக்கு எளிது. ஆனால் நாடே காணாமல் போய், படையும் இல்லாமல், நிலமும் எதிரி கையில் இருக்கும்போது, எதிரியின் வாரிசே வந்து "நான் உன் பக்கம்" என்று சொன்னால் அந்தக் கையைத் தட்டிவிட யாருக்கு மனம் வரும்?

இந்த இடத்தில் இன்னொரு வதந்தியையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் தேடினால் கண்ணில் படும். அலெக்சாண்டரின் மனைவி எலிசவெத்தாவுக்கும் இவருக்கும் காதல் இருந்தது என்பதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள். 1799-இல் அவருக்குப் பிறந்த மரியா என்ற பெண் குழந்தை இவருடையது என்பது அரசவைப் பேச்சு. குழந்தை அடுத்த வருடமே இறந்துவிட்டது, பேச்சு மட்டும் நிலைத்தது. கேத்தரினுக்குப் பிறகு அந்தச் சமயத்தில் பேரரசராக இருந்த, அலெக்சாண்டரின் தந்தை பாவெல் இவரை சார்டினியா அரசரிடம் தூதராக அனுப்பி ஊரைவிட்டு அப்புறப்படுத்தினார் என்பது மட்டும் உறுதியான செய்தி. அந்த இத்தாலியப் பயணத்தின் சமயத்தில் அவர் ஓர் ஓவியம் வாங்கினார், அதற்குப் பிறகு வருகிறேன்.

1801-இல் பாவெல் கொல்லப்பட்டு அலெக்சாண்டர் பேரரசரானதும் பழைய நண்பர்களைக் கூப்பிட்டுக்கொண்டார். சார்தொரிஸ்கி 1802-இல் வெளியுறவுத் துறையில் இரண்டாம் இடத்துக்கு வந்து, 1804 தொடக்கத்திலிருந்து 1806 வரை அந்தத் துறையையே நடத்தினார். ஒரு போலிஷ்காரர் ரஷ்யாவின் வெளியுறவை நடத்துவதை பீட்டர்ஸ்பர்க் பிரபுக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவரும் ஒன்றையும் மறைக்கவில்லை. 1803-இல் எழுதிக்கொடுத்த குறிப்பாணையில், சிறிய நாடுகளின் உரிமையைப் பெரிய நாடுகள் மதிக்கிற ஒரு ஐரோப்பிய ஏற்பாடு ரஷ்யாவுக்கே நல்லது என்று வாதிட்டார். போலந்து மறுபடி எழ வேண்டும், அது ரஷ்யப் பேரரசரின் கீழ் என்றாலும் பரவாயில்லை என்பதுதான் கணக்கு. 1805 இலையுதிர் காலத்தில் அந்தக் கணக்கு பலிக்கிற மாதிரி இருந்தது. நெப்போலியனோடு போருக்குக் கிளம்பிய அலெக்சாண்டர் வழியில் புவாவி அரண்மனையிலேயே வந்து தங்கினார். ஒரு வார்த்தை சொன்னால் போலந்து முழுக்க அவருக்குப் பின்னால் திரளும் என்று ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, அங்கிருந்து பெர்லினுக்குப் போய் பிரஷ்ய அரசரோடு கைகோத்துக்கொண்டார். டிசம்பரில் ஆஸ்டர்லிட்ஸில் ரஷ்யா படுதோல்வி அடைந்தது, அடுத்த வருடம் இவர் பதவியைவிட்டு விலகினார்.

இவருடைய வாழ்க்கையில் பலர் வேகமாகக் கடந்துபோகும் ஒரு பகுதி உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 1803-இல் இவரை வில்னியுஸ் கல்வி வட்டாரத்தின் பொறுப்பாளராக நியமித்தார்கள். இன்றைய லிதுவேனியா, பெலருஸ் இரண்டின் பெரும்பகுதியும் உக்ரைனில் ஒரு பகுதியும் அதற்குள் வரும். ரஷ்யா விழுங்கிய பழைய போலந்து நிலங்கள் அவை. அமைச்சர் பதவி போன பிறகும் இந்தப் பொறுப்பை அவர் விடவில்லை, மொத்தம் இருபது வருடம் வைத்திருந்தார். ரஷ்ய அரசின் முத்திரையோடு, ரஷ்ய அரசின் அனுமதியோடு, அந்தப் பகுதியில் போலிஷ் மொழிக் கல்வியை வளர்த்தார். வில்னியுஸ் பல்கலைக்கழகம் பேரரசின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்றாக வளர்ந்தது. மிட்ஸ்கியேவிச் என்ற ஏழைச் சிறுபிரபு குடும்பத்துப் பையன் அங்கேதான் படித்தான், பிற்காலத்தில் போலந்தின் மகாகவி அவன்தான். 1823-இல் மாணவர்களின் ரகசிய சங்கங்களைப் பிடிக்கிறோம் என்று நொவோசில்ட்செவ் என்ற ரஷ்ய அதிகாரி விசாரணையைத் தொடங்கி, மிட்ஸ்கியேவிச் உட்படப் பலரைச் சிறையில் தள்ளி, ரஷ்யாவின் உள்பகுதிகளுக்கு அனுப்பினார். சார்தொரிஸ்கி பொறுப்பை விட்டு இறங்கினார். அந்த நொவோசில்ட்செவ், அலெக்சாண்டரின் ஆரம்பகால நண்பர் குழுவில் இவரோடு ஒன்றாக உட்கார்ந்து சீர்திருத்தம் பேசியவர். ஒரு நாடு தன் பெயரையே இழந்திருந்த அந்த இருபது வருடத்தில் ஒரு தலைமுறை தன் மொழியில் படித்து வெளியே வந்தது என்றால், அதற்காக ரஷ்யச் சீருடையைப் போட்டுக்கொண்டு நின்ற மனிதரைத் துரோகி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

1812-இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குள் நுழைந்தபோது இவருடைய நிலை ரொம்பவே மோசமானது. வார்சாவில் போலந்து மீண்டும் எழுந்துவிட்டது என்று அறிவித்த கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கியவர் இவருடைய வயதான தந்தை. மகனோ பேரரசர் அலெக்சாண்டருக்கு வாக்குக் கொடுத்தவர். அவர் நெப்போலியன் பக்கமும் போகவில்லை, ரஷ்யாவுக்காக நின்று போலந்தை எதிர்க்கவும் இல்லை. தன்னைப் பணியிலிருந்து விடுவிக்கும்படி அலெக்சாண்டருக்குக் கடிதம் எழுதிக்கொண்டு ஒதுங்கியிருந்தார். அந்த வருடத்தில் அவர் கோழையாக இருந்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். நெப்போலியன் போர்களுக்குப் பிறகு ஐரோப்பாவின் எல்லைகளைப் பேசி முடிவுசெய்த வியன்னா மாநாட்டில், 1815-இல், அலெக்சாண்டரின் பக்கத்தில் இருந்து, அரசியல் சாசனம், நாடாளுமன்றம், தனிப்படை எல்லாம் கொண்ட ஒரு சிறிய போலந்து அரசு உருவாக உழைத்தார். அதன் அரசர் ரஷ்யப் பேரரசர்தான். ஆளுநர் பதவி இவருக்கு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அலெக்சாண்டர் அதை வேறொருவருக்குக் கொடுத்தார்.

1830 நவம்பர் 29 இரவு வார்சாவில் இளம் அதிகாரிகள் கிளர்ச்சி செய்தபோது சார்தொரிஸ்கிக்கு அறுபது வயது. இந்தக் கிளர்ச்சி வெல்லும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. ஆனாலும் பொறுப்பெடுத்தார், முதலில் தற்காலிக அரசிலும், பிறகு 1831 ஜனவரி 30-இலிருந்து தேசிய அரசின் தலைவராகவும். அதற்கு ஐந்து நாள் முன்னால் நாடாளுமன்றம், அலெக்சாண்டருக்குப் பின் வந்த பேரரசர் நிகோலாயை போலந்து அரியணையிலிருந்து நீக்கிவிட்டது. சமரசத்துக்கான கதவு அதோடு சாத்தப்பட்டுவிட்டது என்று தெரிந்தேதான் இவரும் கையெழுத்துப் போட்டார். என்னைப் பொறுத்தவரை அவருடைய விசுவாசத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. எதையும் அடைய முடியாது, எல்லாவற்றையும் இழக்கப்போகிறோம் என்று கணக்குத் தெரிந்த ஒரு பெரும் பணக்காரர் அந்தக் காகிதத்தில் பெயரை எழுதியிருக்கிறார். புவாவி அரண்மனை மீது அந்த வருடம் குண்டு வீசிய ரஷ்யத் தளபதிகளில் ஒருவர் இவருடைய அக்கா மரியாவின் மகன். அரண்மனைக்குள் எண்பத்தைந்து வயதை நெருங்கும் அவனுடைய பாட்டி இசபெலா இருந்தார். மரியா, தன் கணவர் 1792-இல் போலந்தைக் காட்டிக்கொடுத்தார் என்று அவரைப் பிரிந்து வந்தவர், மகன் தந்தையிடம் வளர்ந்தவன். நாட்டைப் பங்குபோட்டது அந்தக் குடும்பத்துக்குள் எவ்வளவு தூரம் போயிருந்தது என்று பாருங்கள்.

ஆகஸ்டில் வார்சாவில் கூட்டம் சிறைகளை உடைத்துக் கைதிகளைத் தூக்கிலிட்ட இரவோடு இவருடைய ஆட்சி முடிந்தது. தலைநகரைவிட்டு வெளியேறி, சில வாரம் படையோடு இருந்து, ஆஸ்திரிய எல்லையைத் தாண்டி, 1831 முடிவில் லண்டன் போய்ச் சேர்ந்தார். ரஷ்யா அவருக்கு மரண தண்டனை விதித்தது, ரஷ்யப் பகுதியில் இருந்த சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டது. புவாவியின் பெயரைக்கூடப் பிறகு 'நோவா அலெக்சாந்திரியா' என்று மாற்றிவிட்டார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இப்போது வருகிறேன், மாளிகையில் வாழ்ந்த அகதி. மாளிகை உண்மைதான். பாரிஸில் செயின் நதி நடுவே இருக்கும் சேன் லூயி தீவில், பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய ஓதெல் லாம்பேர் என்ற கட்டடத்தை 1843-இல் குடும்பம் வாங்கியது. பணம் எங்கிருந்து என்றால், ஆஸ்திரியாவின் கீழ் இருந்த கலிசியாவில் ஷெனியாவா முதலிய நிலங்கள் தப்பியிருந்தன. மனைவி அன்னாவும் சபியேஹா என்ற பெரிய குடும்பத்துப் பெண். ஆகவே தெருவில் நின்ற மற்ற ஆயிரக்கணக்கான போலிஷ் அகதிகளோடு ஒப்பிட்டால் இவர் வசதியானவர்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த வீட்டை அவர் என்னவாக ஆக்கினார் என்று பார்க்க வேண்டும். அன்னா அங்கே வருடாவருடம் விற்பனைக் கண்காட்சியும் நடன விருந்தும் வைத்து, வந்த பணத்தை ஏழை அகதிகளுக்குக் கொடுத்தார். போலிஷ் பெண் குழந்தைகளுக்கான பள்ளிக்கூடம் அந்த வீட்டிலேயே நடந்தது. இசைமேதை சோபின் அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர், அவருடைய நல்ல மாணவிகளில் ஒருவரான மார்செலினா இந்தக் குடும்பத்து மருமகள்தான். 1838-இல் நிறுவிய போலிஷ் நூலகம் அந்தத் தீவிலேயே இன்றும் இருக்கிறது. லண்டனில் 1832-இலேயே போலந்து நண்பர்கள் இலக்கியச் சங்கம் தொடங்க ஆங்கிலேயர்களைத் தூண்டிவிட்டு வந்திருந்தார்.

இதைவிட வியப்பானது அவர் அங்கிருந்து நடத்திய வெளியுறவுத் துறை. நாடு இல்லை, படை இல்லை, ஆனால் லண்டன், ரோம், இஸ்தான்புல், பெல்கிரேட் என்று எல்லா இடத்திலும் ஆட்கள் இருந்தார்கள். அறிக்கைகள் பாரிஸுக்கு வரும், கட்டளைகள் போகும். பீட்டர்ஸ்பர்கில் ரஷ்யாவுக்காகக் கற்ற தொழிலை ரஷ்யாவுக்கு எதிராக அவர் செய்துகொண்டிருந்தார். பால்கனில் இருக்கும் ஸ்லாவ் மக்கள் ரஷ்யாவை நம்பாமல் தங்கள் சொந்தக் காலில் எழ வேண்டும் என்பது அவர் திட்டம். 1844-இல் செர்பிய அமைச்சர் கராஷனின் எழுதிய ரகசியத் திட்டம், சார்தொரிஸ்கியின் ஆளாக பெல்கிரேடில் இருந்த ஸாக் என்ற செக் நாட்டவர் எழுதிக்கொடுத்த வரைவை அடிப்படையாகக் கொண்டது. கராஷனின் அதைப் பெரிய செர்பியா என்ற திசைக்குத் திருப்பிக்கொண்டார். அந்த யோசனை பின்னாளில் எங்கெல்லாம் போய் நின்றது என்பதற்கு சார்தொரிஸ்கியைப் பொறுப்பாக்குவது சரியில்லை, ஆனால் விதையில் அவர் கையும் இருந்தது. 1842-இல் இஸ்தான்புல்லுக்கு வெளியே காட்டை வெட்டி, அகதிகளும் ரஷ்யப் படையிலிருந்து தப்பி வந்த போலிஷ் வீரர்களும் குடியேற ஒரு கிராமத்தை அவருடைய ஆட்கள் உருவாக்கினார்கள். அவர் பெயரால் அதற்கு ஆதாம்போல் என்று பெயர். இன்று அது போலோனெஸ்கோய், இன்னமும் அங்கே போலிஷ் பேசுகிற சில குடும்பங்கள் இருக்கின்றன.

கிரிமியப் போர் வந்தபோது இத்தனை வருடம் காத்திருந்தது நடந்துவிடும் என்று தோன்றியது. இங்கிலாந்து, பிரான்ஸ், துருக்கி மூன்றும் ரஷ்யாவோடு மோதின. இவருடைய ஆட்கள் துருக்கியில் போலிஷ் படைப் பிரிவுகளைத் திரட்டினார்கள். 1856-இல் இவர் வசிக்கும் பாரிஸிலேயே சமாதான மாநாடு நடந்தது, ஒப்பந்தத்தில் போலந்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அதே வருடம் வார்சாவுக்கு வந்த புதிய பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர், "கனவுகள் வேண்டாம், கனவான்களே" என்று போலிஷ் பிரபுக்களிடம் சொன்னார். அகதிகளுக்கு மன்னிப்பும் அறிவித்தார். எண்பத்தாறு வயது சார்தொரிஸ்கி திரும்பவில்லை.

சரி, இவரைக் குற்றம் சொன்னவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். ரஷ்யர்களைவிடக் கடுமையாக இவரைத் தாக்கியவர்கள் சக அகதிகள்தான். ஜனநாயகச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் 1834-இல் இவரை அகதிகளின் எதிரி என்றே அறிவித்துக் கையெழுத்து திரட்டினார்கள். இவருடைய ஆதரவாளர்கள் இவரை அரசராகவே பேசியது அவர்களுக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது. அவர்கள் சொன்னதன் சாரம்: 1831-இல் நாடாளுமன்றம் குடியானவர்களுக்கு நிலம் கொடுக்க மறுத்தது, அதனால் குடியானவன் இதைத் தன் போராக நினைக்கவில்லை, பிரபுக்கள் தங்கள் சொத்தைக் காப்பாற்றப் போய் நாட்டை இழந்தார்கள். இந்தக் குற்றச்சாட்டில் அவர்கள் பக்கம்தான் உண்மை இருக்கிறது என்பது என் கருத்து. 1846-இல் கலிசியாவில் போலிஷ் பிரபுக்கள் மறுபடி கிளர்ந்தபோது, போலிஷ் பேசும் குடியானவர்களே ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொன்றார்கள். சார்தொரிஸ்கி 1848-இல் ஷெனியாவாவில் தன் குடியானவர்களைக் கட்டாய உழைப்பிலிருந்து விடுவித்தார். பதினேழு வருடம் முன்னால், நாட்டின் தலைவராக இருந்தபோது, அதற்காக அவர் போராடியிருக்க வேண்டும். வெளிநாட்டு மன்னர்களின் மனதை மாற்றுவதில் ஆயுள் முழுக்கச் செலவழித்தவர், தன் நிலத்தில் உழுதவனின் மனதைப் பற்றிப் பிந்தித்தான் யோசித்தார்.

ஆகவே என் பதில்: பக்கம் மாறியவர் இல்லை, ஆட்சியாளர்களை நம்பியவர். முதலில் அலெக்சாண்டரை, பிறகு லண்டனையும் பாரிஸையும். அவர் தோற்றது எல்லாம் அங்கேதான். அவர் கட்டிவிட்டுப் போன பள்ளி, நூலகம், கிராமம் எதுவும் அந்தத் தோல்வியில் சேரவில்லை.

அந்த ஓவியத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 1800-ஐ ஒட்டி இத்தாலியில் அவர் வாங்கித் தாய்க்குக் கொடுத்தது லியனார்டோ டாவின்சி வரைந்த, கையில் எர்மின் என்ற வெண்ணிறச் சிறு விலங்கை ஏந்திய பெண்ணின் படம். புவாவியில் இசபெலா அமைத்த அருங்காட்சியகத்தில் அது இருந்தது. 1831-இல் ரஷ்யப் படை வருவதற்குள் ஒளித்து எடுத்துச் சென்று, பிறகு பாரிஸில் ஓதெல் லாம்பேருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாட்டுக்கு வெளியே வாழ்ந்த அந்தக் குடும்பத்தோடு அதுவும் வாழ்ந்தது. இவருடைய மகன் விளாதிஸ்வாவ் 1870-களில் கிராக்கோவில் அருங்காட்சியகம் தொடங்கியபோது அங்கே போனது. இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் எடுத்துப்போய்த் திரும்பிக் கிடைத்தது. அதே தொகுப்பில் இருந்த ரஃபேலின் இளைஞன் படம் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. 2016-இல் போலந்து அரசு தொகுப்பு முழுவதையும் 10 கோடி யூரோவுக்கு வாங்கியது, இப்போது அந்தப் பெண்ணை கிராக்கோவில் போய்ப் பார்க்கலாம்.

சார்தொரிஸ்கி 1861 ஜூலை 15 அன்று, பாரிஸுக்குப் பக்கத்தில் மோன்ஃபெர்மெய்யில், தொண்ணூற்றொரு வயதில் இறந்தார். ஒன்றரை வருடத்தில் போலந்தில் அடுத்த கிளர்ச்சி வெடித்தது, அதற்காக வெளிநாட்டு அரசுகளின் வாசலில் போய் நின்றவர் அதே மகன் விளாதிஸ்வாவ். தந்தையின் உடலைப் பிற்காலத்தில் ஷெனியாவாவுக்குக் கொண்டுபோய்க் குடும்பக் கல்லறையில் வைத்தார்கள். அப்போதும் அந்த ஊர் ஆஸ்திரியாவில்தான் இருந்தது.